வேலை தெரிகிறது, ஆனால் நம்பிக் கொடுக்க முடியவில்லை என்கிறார் மேலாளர். இதை எப்படி மாற்றிக்கொள்வது?

மூன்றாம்மேசை கேட்டது:

வணக்கம். காப்பீட்டு இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் பிரிவில் 14 மாதங்களாக வேலை செய்கிறேன். இது என் முதல் வேலை.

சென்ற வாரம் ஆண்டு மதிப்பீடு நடந்தது. மேலாளர் குரலை உயர்த்தவே இல்லை. "உங்களுக்கு வேலை தெரிகிறது, வேகமும் இருக்கிறது. ஆனால் உங்களிடம் ஒரு கோப்பைக் கொடுத்த பிறகும் அது என் தலையை விட்டு இறங்குவதில்லை. எங்கே நிற்கிறது என்று நானே வந்து கேட்க வேண்டியிருக்கிறது" என்றார். பெரிய தொகைக் கோரிக்கைகளைப் பார்க்கும் பொறுப்பு பக்கத்து மேசைக்காரருக்குப் போய்விட்டது. நான் எட்டுக் கோப்புகளை முடிக்கும் நேரத்தில் அவர் ஐந்துதான் முடிப்பார்.

இரண்டு நாள் கோபமாக இருந்தது. மூன்றாம் நாள் என் பழைய கோப்புகளை நானே எடுத்துப் புரட்டினேன். கோபம் போய்விட்டது, வருத்தம் வந்துவிட்டது.

ஒரு கோரிக்கைக்கு மருத்துவமனையிலிருந்து அறிக்கை வர வேண்டியிருந்தது. கேட்டுக் கடிதம் அனுப்பினேன். பதில் வரவில்லை. 9 நாள் கழித்து மேலாளர் கேட்டபோது "அனுப்பிவிட்டேன், அவர்கள்தான் இன்னும் அனுப்பவில்லை" என்றேன். என் பக்கம் தவறே இல்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அந்த 9 நாளில் கோரிக்கைக்காரர் மூன்று முறை தொலைபேசியில் அழைத்திருக்கிறார். எடுத்தவர் மேலாளர். பதில் சொல்ல அவரிடம் ஒரு தகவலும் இல்லை.

இன்னொன்று இதைவிட மோசம். ஒரு தொகையில் இரண்டு இலக்கங்களை இடம் மாற்றிப் பதிந்துவிட்டேன். அன்று மாலையே என் கண்ணில் பட்டது. கிளம்பும் நேரம். காலையில் முதல் வேலையாகத் திருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். காலையில் வந்து பார்த்தால் கோப்பு பணம் வழங்கும் பிரிவுக்குப் போயிருந்தது.

அதிகாலையில் எழுந்து பார்த்தேன். வண்ண வண்ணமாக நாட்குறிப்பு எழுதிப் பார்த்தேன். 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும் என்று படித்து எண்ணத் தொடங்கினேன். 11ஆம் நாள் ஒருநாள் விட்டுப்போயிற்று. மறுபடி ஒன்றிலிருந்து. இப்படி மூன்று முறை.

பொறுப்பு என்பது பிறவிக் குணமா? கற்றுக்கொள்ளக் கூடியது என்றால் எங்கே தொடங்குவது?

ஆறுபேர்குழு எழுதியது:

நான் ஒரு மென்பொருள் பிரிவில் ஆறு பேரின் வேலையை ஒருங்கிணைக்கிறேன். உங்கள் மேலாளரின் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்லலாம் அல்லவா?

அந்த ஆறு பேரில் ஒருவர் மற்ற எல்லோரையும்விட மெதுவானவர். நெருக்கடி என்றால் நான் முதலில் தேடுவது அவரைத்தான். "வியாழக்கிழமை முடியும்" என்று அவர் சொன்னால் வியாழக்கிழமை முடிந்துவிடும். முடியாது என்றால் செவ்வாய்க்கிழமையே வந்து நிற்பார். வியாழக்கிழமை மாலை வந்து முடியவில்லை என்று சொல்பவரை வைத்துக்கொண்டு நான் எதையும் மாற்றி அமைக்க முடியாது. செவ்வாய்க்கிழமை சொன்னால் எத்தனையோ வழி உண்டு. உங்கள் பக்கத்து மேசைக்காரர் முடிக்கும் அந்த ஐந்து கோப்புகளையும் மேலாளர் திரும்பத் திறந்து பார்க்க வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

மேலாளரிடம் போய் "எந்தெந்தக் கோப்புகளை மனத்தில் வைத்துச் சொன்னீர்கள்?" என்று கேளுங்கள். வாதாடப் போகாதீர்கள், குறித்துக்கொண்டு வாருங்கள். நீங்களாகக் கண்டுபிடித்த இரண்டும் அவர் மனத்தில் இருப்பவையும் ஒன்றாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது.

இரவுஷிப்ட் எழுதியது:

அம்மா, நான் விமானப் பராமரிப்புக் கூடத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கு மேல் இரவு ஷிப்ட். பிறவிக் குணமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. என் கதையைக் கேட்டால் உங்களுக்கே தெரியும்.

வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. இறக்கையின் அடிப்பக்கத்தில் பரிசோதனை மூடிகளைக் கழற்றி, உள்ளே ஒரு குழாய் இணைப்பை மாற்றினேன். மூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டிருக்கும்போது மேற்பார்வையாளர் வேறோர் இடத்தில் விளக்குப் பிடிக்கக் கூப்பிட்டார். போனேன், வந்தேன், மீதி ஸ்க்ரூக்களை முடுக்கினேன், தாளில் கையொப்பம் போட்டேன். விடியற்காலையில் ஷிப்ட் முடியும்போது கருவிப் பெட்டியை எண்ண வேண்டும். எங்கள் பெட்டிக்குள் ஒரு நுரைத் தட்டு இருக்கும். ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்திலேயே பள்ளம் வெட்டியிருப்பார்கள். எது இல்லை என்பது கண் வைத்த நொடியில் தெரிந்துவிடும். அன்று ஒரு பள்ளம் காலி. விரல் நீளத்துக்கு ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர்.

அந்தக் காலிப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு அரை நிமிடம் நின்றேன். அந்த அரை நிமிடத்தில் மனம் என்னவெல்லாம் சொல்லிற்று தெரியுமா? தரையில் எங்காவது விழுந்திருக்கும். நாளைக்கு வந்து தேடலாம். இதே மாதிரி ஒன்று வீட்டில் கிடக்கிறது, கொண்டுவந்து வைத்துவிட்டால் போயிற்று. உங்களுடைய "காலையில் முதல் வேலையாகத் திருத்திக்கொள்ளலாம்" என்ற வரியைப் படித்தபோது அந்தப் பள்ளம்தான் என் கண்முன் வந்தது. இரண்டுக்கும் ஒரே தாய்.

போய்ச் சொன்னேன். கால் நடுங்கியது. புறப்பாட்டை நிறுத்தி, நான் அன்று கை வைத்த நான்கு மூடிகளையும் திறந்தோம். மூன்றாவதில் கிடந்தது, இறக்கையின் அசையும் பகுதிகளை இயக்கும் கம்பிவடத்திலிருந்து ஒரு சாண் தள்ளி. விமானம் இரண்டு மணி நேரம் தாமதம். திட்டு விழும் என்று காத்திருந்தேன். மேற்பார்வையாளர் கேட்டது ஒரே கேள்வி: "நான் கூப்பிட்டபோது எத்தனையாவது ஸ்க்ரூவில் இருந்தாய்?" எனக்குத் தெரியவில்லை. "அங்கேதான் அதைத் தொலைத்திருக்கிறாய்" என்றார்.

அன்று அவர் சொல்லிக்கொடுத்ததை ஓய்வு பெறும் நாள் வரை விடவில்லை. விமானப் பராமரிப்பில் இருக்கும் பலருக்கும் இது தெரியும்: வேலை நடுவே யாராவது கூப்பிட்டால், எழுந்திருக்கும் முன் எங்கே நிறுத்தினோம் என்று அடையாளம் வைக்க வேண்டும். திரும்பி வந்ததும் நிறுத்திய இடத்திலிருந்து தொடராமல், மூன்று படி பின்னால் போய்த் தொடங்க வேண்டும். நம் மனம் செய்யப்போவதைச் செய்துவிட்டதாகவே கணக்கு வைத்துக்கொள்ளும். மூன்று படி பின்னால் போனால் அந்தப் பொய்க் கணக்கு பிடிபடும். நீங்கள் இலக்கங்களை மாற்றிப் போட்ட அன்று, அந்தத் தொகையைப் பதியும் நேரத்தில் தொலைபேசி அடித்ததா, யாராவது மேசைக்கு வந்தார்களா என்று யோசித்துப் பாருங்கள். வந்திருப்பார்கள் என்றே எனக்குப் படுகிறது.

உங்கள் வேகத்தைப் பற்றியும் பேச வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்குள் ஓர் அச்சம் இருக்கிறது.

1990 ஜூன் 10 அன்று பிரிட்டனின் பர்மிங்காமிலிருந்து ஸ்பெயினில் உள்ள மலகாவுக்கு ஒரு பயணிகள் விமானம் கிளம்பியது. ஏறக்குறைய 17,300 அடி உயரத்தில் விமானி அறையின் இடப்பக்க முன்கண்ணாடி அப்படியே பிய்த்துக்கொண்டு போய்விட்டது. கேப்டனின் உடல் இடுப்பு வரை வெளியே இழுபட்டது. பணியாளர்கள் அவர் கால்களைப் பிடித்துக்கொண்டே இருக்க, துணை விமானி சவுத்தாம்ப்டனில் தரையிறக்கினார். கேப்டன் உட்பட எல்லோரும் பிழைத்தார்கள். இன்றுவரை அதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

விசாரணையில் தெரிந்தது இது. பறப்பதற்குச் சற்று முன்புதான் அந்தக் கண்ணாடியை மாற்றியிருந்தார்கள். அதைப் பிடித்திருந்த 90 போல்ட்டுகளில் 84 தேவையானதைவிட மெலிந்தவை. வித்தியாசம் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மாட்டியவர் கற்றுக்குட்டி அல்லர், அந்த இரவு ஷிப்டின் மேலாளரே அவர்தான். ஆள் குறைவாக இருந்த இரவில் வேலை நின்றுவிடக் கூடாதென்று தானே இறங்கிச் செய்தவர். கழற்றிய பழைய போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வெளிச்சம் போதாத அலமாரியில் கண்ணால் ஒப்பிட்டு எடுத்தார். பாகங்களின் பட்டியலைத் திறந்து எண்ணைப் பார்க்கவில்லை. அந்த வேலையை இரண்டாமவர் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதியும் அப்போது இல்லை.

சோம்பேறி செய்த தவறு இல்லை இது. கைப்பழக்கம் உள்ளவர், வேகமாகச் செய்யக் கூடியவர், தன் கண்ணை நம்பியவர் செய்தது. புதிதாக வந்த பையன் பயந்துபோய்ப் பட்டியலைப் பார்த்திருப்பான். 14 மாதத்தில் உங்களுக்கும் கண் பழகியிருக்கும். எட்டுக் கோப்பு முடிக்கிறவர்களுக்குத்தான் இந்த ஆபத்து. வேகத்தைக் குறைக்கச் சொல்லவில்லை. எந்த இடத்தில் தவறு வந்தால் இன்னொருவர் பாதிக்கப்படுவாரோ அந்த ஓரிரு இடத்தில் மட்டும் கண்ணை நம்பாதீர்கள். உங்கள் வேலையில் அது தொகை என்று நினைக்கிறேன். பதிந்த பிறகு மூலத் தாளை எடுத்து இலக்கம் இலக்கமாக வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

இனி அந்த 9 நாள் கோப்பு. உங்கள் மேலாளர் சொன்ன "தலையை விட்டு இறங்குவதில்லை" என்பதைப் படித்ததும் எங்கள் ஷிப்ட் மாற்றக் குறிப்பேடு நினைவுக்கு வந்தது. எங்கள் தொழிலில் வேலையைத் தொடங்கியவரே முடிப்பது அரிது. நான் கழற்றியதைக் காலையில் வேறொருவர் மாட்டுவார். அவர் வரும்போது நான் தூங்கிக்கொண்டிருப்பேன். ஆகவே என் தலையில் இருப்பதெல்லாம் தாளில் இறங்க வேண்டும். எது முடிந்தது என்று எழுதுவது எளிது, எல்லோரும் எழுதுவார்கள். எது பாதியில் நிற்கிறது, எதற்காக நிற்கிறது என்பதை எழுதுகிறவர்தான் நல்ல வேலைக்காரர். "இடப்பக்கச் சக்கரம், பிரேக் குழாய் கழற்றியது, புதுக் குழாய் கிடங்கில் கேட்டிருக்கிறது, மாலை நான்கு மணிக்குள் வராவிட்டால் திரும்பக் கேட்க வேண்டும்." இந்த ஒரு வரி இருந்தால் காலையில் வருபவர் என்னை எழுப்ப வேண்டாம்.

கடிதம் அனுப்பியதோடு உங்கள் வேலை முடிந்ததென்று நினைத்தீர்கள். காத்திருப்பதும் வேலைதான், அம்மா. யாரிடம், எந்தத் தேதியில் கேட்டேன், எந்தத் தேதியில் திரும்பக் கேட்பேன் என்ற மூன்றும் எழுத்தில் இருந்தால் அது உங்கள் கையில் உள்ள கோப்பு. இல்லாவிட்டால் அது யார் கையிலும் இல்லை. கடைசியில் மேலாளரின் தலைக்குப் போகிறது. வேலை முடியும் முன் 10 நிமிடம் எடுத்துக்கொண்டு, காத்திருக்கும் கோப்பு ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி அவருக்கு அனுப்புங்கள். அவர் கேட்கும் முன் அனுப்புங்கள். கேட்டபின் சொன்னால் அது பதில். கேட்கும் முன் சொன்னால்தான் அவர் அதை இறக்கி வைக்க முடியும்.

அதிகாலையில் எழுவதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் பாதி வாழ்க்கை பகலில் தூங்கியவன்.

பழக்கஆய்வு எழுதியது:

இரவுஷிப்ட் ஐயா எழுதியதற்குக் கீழே நான் எழுத என்ன இருக்கிறது? ஆனால் அந்த 21 நாள் கணக்கை மட்டும் விட முடியவில்லை. உளவியல் படித்தவள் நான். இந்த எண்ணை நம்பி மனம் உடைந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

1960இல் ஓர் அமெரிக்கப் பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை மருத்துவர், மாறிய முகத்துக்கோ இழந்த உறுப்புக்கோ நோயாளியின் மனம் பழக குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று தன் அனுபவத்தை எழுதினார். "குறைந்தது" என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பின்தொடர்ந்து பார்த்து, 2009இல் இணையத்தில் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஒரு சிறு செயல் யோசிக்காமல் தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்த காலம் சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. உங்களுக்குத் தேவையான செய்தி அடுத்தது: நடுவில் ஒருநாள் தவறியது அந்த வளர்ச்சியைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. நீங்கள் 12ஆம் நாளுக்குப் போயிருக்கலாம், சகோதரி. ஒன்றுக்குத் திரும்பியிருக்க வேண்டியதே இல்லை.

"இனிப் பொறுப்பாக இருப்பேன்" என்ற தீர்மானத்துக்கு நடக்கக் கால் இல்லை. ஒரு தருணத்தோடு முடிச்சுப் போட்டால்தான் அது நடக்கும். "கணினியை அணைக்கக் கை போகும்போது, காத்திருக்கும் கோப்புகளின் வரியை எழுதுவேன்." இப்படித் தருணத்தையும் செயலையும் இணைத்துத் திட்டமிடுவதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். வெறும் நோக்கத்தைவிட இது நன்றாக வேலை செய்கிறது என்று அவருடைய ஆய்வுகளும் பின்னால் வந்தவையும் காட்டுகின்றன. ஒரே ஒரு முடிச்சு போடுங்கள். வண்ண நாட்குறிப்பில் எத்தனை முடிச்சு போட்டிருந்தீர்கள் என்று கேட்க நினைத்தேன், வேண்டாம்.

வார்டுஏழு எழுதியது:

நான் செவிலியர், 18 ஆண்டு அனுபவம். மருத்துவர் தொலைபேசியில் ஒரு மருந்தின் அளவைச் சொன்னால் நாங்கள் "சரி" என்று வைத்துவிட மாட்டோம். கேட்டதை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டுவோம். அவர் ஆமாம் என்ற பிறகுதான் வைப்போம். நீங்களும் மேலாளர் ஒரு வேலையைச் சொன்னால் "இந்தக் கோப்பு, இந்தத் தேதிக்குள், இந்த மூன்று தாள்களோடு" என்று ஒருமுறை திரும்பச் சொல்லிப் பாருங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

தவறைச் சொல்வது பற்றியும் சொல்ல வேண்டும், அது என் நெஞ்சுக்கு நெருக்கமான விஷயம். ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் நடக்கும் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாகப் பதிவாகியிருக்கும் என்று எதிர்பார்த்தார். அதிகமாகப் பதிவாகியிருந்தது. அவர்கள் அதிகம் தவறு செய்தார்கள் என்பதல்ல காரணம். செய்ததைப் பயமின்றிச் சொன்னார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள் என்ற முடிவுக்கு அவர் வந்தார். நான் வேலை செய்த இரண்டு வார்டுகளிலும் இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். தவறே நடக்காத வார்டு என்று பெயர் வாங்கிய இடத்தில்தான் இரவில் எனக்குப் பயமாக இருக்கும்.

மூன்றாம்மேசை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன். செய்து பார்க்காமல் வந்து எழுத மனம் ஒப்பவில்லை.

ஆறுபேர்குழு சொன்னபடி மேலாளரிடம் கேட்டேன். அவர் நான்கு கோப்புகளைச் சொன்னார். அதில் இலக்கம் மாறிய கோப்பு இல்லவே இல்லை! நான்கும் நான் ஏதோ ஒன்றுக்காகக் காத்திருந்த கோப்புகள். திரும்பி வந்து இரவுஷிப்ட் ஐயாவின் பதிவை மறுபடி படித்தேன்.

மாலை வரிகளை எழுதத் தொடங்கினேன். முதல் நாள் எழுதியபோது காத்திருக்கும் கோப்புகள் 23 இருந்தன. எனக்கே தெரியாது. ஏழெட்டு இருக்கும் என்று நினைத்திருந்தேன். அதில் இரண்டுக்கு நான் கடிதமே அனுப்பவில்லை. அனுப்பிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஐயா சொன்ன பொய்க் கணக்கு அதுதான். 15 வேலை நாளில் இரண்டு நாள் எழுத விட்டுப்போயிற்று. ஒன்றுக்குத் திரும்பவில்லை.

ஒரு தவறும் நடந்தது. ஒரு கோரிக்கையில் தேதியைத் தவறாகப் படித்து, தகுதி இல்லை என்று குறித்துவிட்டேன். மதியம் தெரிந்தது. அப்போதே எழுந்துபோய் மேலாளரிடம் சொன்னேன். அவர் கோப்பை வாங்கித் திருத்தி, மீண்டும் அனுப்பினார். "சரி" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. ஆனால் பிரிவில் நீண்ட காலமாக இருக்கும் ஒருவர் பின்னால் கூப்பிட்டு, "நீயாகப் போய்ச் சொல்லாதே. அடுத்த மதிப்பீட்டில் இவையெல்லாம் எண்ணிக்கையாக வந்து நிற்கும்" என்றார். அக்கறையோடுதான் சொன்னார். அதிலிருந்து மனம் அலைகிறது.

இன்னொரு சிக்கல். மாலைக் குறிப்பு நீளமாக இருக்கிறது, எல்லாவற்றையும் படிக்க நேரம் இல்லை என்று மேலாளர் சொல்லிவிட்டார். நிறுத்திவிடலாமா?

இரவுஷிப்ட் எழுதியது:

நிறுத்தாதீர்கள், அம்மா. எழுதுவது உங்களுக்கு, அனுப்புவது அவருக்கு. இரண்டும் ஒரே அளவு இருக்க வேண்டியதில்லை. 23 வரியும் உங்கள் ஏட்டில் இருக்கட்டும். அவருக்கு அன்று மாறியதை மட்டும் அனுப்புங்கள்: எது வந்தது, எது சொன்ன தேதியைத் தாண்டிவிட்டது, எதைப் பற்றி நாளை யாராவது அவரைத் தொலைபேசியில் கேட்கக்கூடும். மூன்று நான்கு வரிக்கு மேல் போகாது. கடைசியில் சொன்னதுதான் முக்கியம். அவர் தொலைபேசியை எடுக்கும்போது கையில் பதில் இருக்க வேண்டும்.

கடிதம் போகாத அந்த இரண்டு கோப்புகளைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது. அவற்றின் சொந்தக்காரர்கள் யாரென்று உங்களுக்கும் எனக்கும் தெரியாது. அவர்கள் இன்னும் எத்தனை நாள் காத்திருந்திருப்பார்களோ!

மூத்தவர் சொன்ன எச்சரிக்கையை நான் தள்ளிவிட மாட்டேன். தவறைச் சொன்னவரையே தண்டிக்கும் இடங்கள் இருக்கின்றன, நானும் அப்படி ஒரு மேற்பார்வையாளரின் கீழ் இரண்டு ஆண்டு இருந்தேன். ஆனால் விமானத் துறை இதற்கு என்ன செய்தது என்று சொல்கிறேன். அமெரிக்காவில் 1976 முதல் ஓர் ஏற்பாடு நடக்கிறது. விமானியோ தரைப் பணியாளரோ தன் தவறைத் தானே எழுதி அனுப்பலாம். அதைப் பெற்றுக்கொள்வது தண்டிக்கும் அதிகாரம் உள்ள அமைப்பு அல்ல, நாசா. பெயரை நீக்கிவிட்டுத்தான் பாடத்தை எல்லோருக்கும் தருவார்கள். தெரியாமல் நடந்த விதிமீறல் என்றால், 10 நாளுக்குள் எழுதியவருக்குப் பெரும்பாலும் தண்டனையிலிருந்து விலக்கும் உண்டு. மனிதன் பயந்தால் மறைப்பான் என்று தெரிந்துதான் இப்படி அமைத்தார்கள்.

உங்கள் அலுவலகத்தில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. அதனால் உங்கள் மேலாளர் எப்படிப்பட்டவர் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், அவர் கோப்பை வாங்கித் திருத்தினார், "சரி" என்றார், அவ்வளவுதான். அடுத்த முறை போகும்போது தவறோடு இன்னொன்றையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். தேதியை ஏன் தவறாகப் படித்தீர்கள்? தாளில் நாளும் மாதமும் எந்த வரிசையில் இருந்தன? மற்றவர்களும் அதே இடத்தில் தடுமாறுகிறார்களா என்று பார்த்தீர்களா? அந்தத் தாளை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட்டு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.